டில்லி கேட்டில் ஒரு ஞாயிறு

சங்கக் கூட்டங்களிலும் போகல் காய்கறிக் கடைகளிலும் என்னைக் காணும் அன்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகள் ஆயினவே, ஊருக்கு எப்போது புறப்பாடு?" என்பதே அது. கேட்பவர்களுக்கு என்மேல் உள்ள பரிவை நான் அறிவேன். ஆயினும் நேரான விடை என்னிடம் இருந்ததில்லை. சென்ற கார்த்திகை மாதத்தில் அந்தக் கேள்வி வாசலில் நில்லாமல் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கால்பந்து ஆட்டம் பார்க்கச் சென்ற கதையைத்தான் இங்கே எழுதப் புகுந்தேன். ஊர் திரும்புவதற்கும் கால்பந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களாயின், சற்றே பொறுத்தருள வேண்டும்.

என் மனைவிக்குச் சில ஆண்டுகளாக இளைப்பு நோய் உண்டு. தீபாவளி நெருங்கி, டில்லிக் காற்றில் புகை கலந்து, காலைச் சூரியன் மங்கிய செப்புத் தட்டைப்போல் தோன்றத் தொடங்கினால் அவளுக்கு இரவில் உறக்கம் இராது. இரண்டு தலையணைகளை முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தபடியே விடியலைக் காண்பாள். இவ்வாண்டு வைத்தியர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "மருந்து என்னால் கொடுக்க முடியும், காற்றை என்னால் கொடுக்க முடியாது." சென்னையில் தாம்பரத்துக்கு அப்பால் குடியிருக்கும் என் மகன் இதைக் கேட்டதும் துடித்துப்போனான். அவன் இருக்கும் கட்டடத்திலேயே கீழ்த்தளத்து வீடு ஒன்று காலியாகிறதாம். "அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுங்கள். ஞாயிறு இரவுக்குள் சொன்னால் முன்பணம் கொடுத்துவிடுவேன்" என்றான்.

மகன் சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 'ஊர் திரும்புவது' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தச் சொல்தான் எனக்குப் பொருந்தவில்லை. நான் பிறந்தது 1951-இல், இதே டில்லியில். கும்பகோணத்துப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர் என் தந்தை. படித்தது இங்குள்ள தமிழ்ப் பள்ளியில். 1923-இல் மதராஸி கல்விச் சங்கம் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் டில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்த அமைப்பின் பள்ளி அது. வேலை பார்த்ததும் இங்கேதான். ஓய்வு பெற்றதும் அரசாங்கக் குடியிருப்பைக் காலி செய்தேன். பின்னர் என் மகளுக்கு லோதி காலனியிலேயே வீடு ஒதுக்கப்படவே, பழைய வளைவு வாசல்களுக்குள் மறுபடியும் வந்து சேர்ந்தேன். கிராமத்து வீடு விற்றுப்போய்ப் பல காலம் ஆயிற்று. சென்னையோ எனக்கு ரயில் மாறும் இடம். அங்கே போவது எப்படித் திரும்புவது ஆகும்?

நிற்க. கால்பந்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் கால்பந்து என்றால் 'நம் ஆட்கள்' ஆடும் ஆட்டம் என்றே பொருள். 1888-இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பைப் பந்தயம் 1940-இல் டில்லிக்கு வந்தது. நீலகிரி வெலிங்டனிலிருந்து வரும் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி அக்கோப்பையை 1955-இலும் 1958-இலும் வென்றது. அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், ஹைதராபாத்தில் பிறந்தவர், நெடிய உருவம். முதலில் முன்கள ஆட்டக்காரராக இருந்து பிறகு கோலுக்கு வந்தவர். மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்றவர். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியப் பந்தயத் தங்கம் வென்ற அணியிலும் இருந்தவர். இவையெல்லாம் நான் பிற்பாடு படித்து அறிந்தவை. என் தந்தை சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கோலில் நம் பையன் நிற்கிறான் என்றால் போதும்; குளிர் தெரியாது." அலுவலகத்தில் எவரிடமும் உரத்துப் பேசியறியாத மனிதர் அவர். டூரண்ட் ஆட்டம் பார்த்து வந்த இரவுகளில் மட்டும் தொண்டை கட்டி, வெந்நீர் கேட்பார்.

அந்தப் பழக்கம் எனக்கும் வந்தது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கி, எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் டில்லி டைனமோஸ் அணி ஆடத் தொடங்கியபோது, சென்னையின் எஃப்.சி. வந்த நாட்களில் எல்லாம் சென்று சென்னைக்காகக் கைதட்டினேன். ஒரு முறை பேத்தி உடன் வந்தாள். "தாத்தா, நீங்கள் டில்லியில்தானே பிறந்தீர்கள்? டில்லிக்கு ஏன் கைதட்டவில்லை?" என்று கேட்டாள். குழந்தைக்கு ஏதோ சமாதானம் சொல்லி, வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தேன். சரியான பதில் இருந்திருந்தால் கடலை தேவைப்பட்டிராது.

டைனமோஸ் அணியும் நிலைக்கவில்லை. 2019-இல் அது புவனேசுவரத்துக்குக் குடிபெயர்ந்து ஒடிசா எஃப்.சி. ஆகிவிட்டது. அதே ஆண்டில் டூரண்ட் கோப்பையும் கொல்கத்தாவுக்குப் போயிற்று. மாற்றல் உத்தரவு நமக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தேன். கழகங்களுக்கும் கோப்பைகளுக்கும் உண்டு போலும்!

என் அண்டை வீட்டுக்காரர் பௌரி கர்வால் மலையைச் சேர்ந்தவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நாங்கள் இருவரும் ஒரே கட்டடத்தில் வெவ்வேறு இலாகாக்களில் பணி செய்தோம். நான் அவரைப் 'பைஜி' என்பேன். அவர் மொழியில் அண்ணன் என்று பொருள். அவர் என்னைப் 'புலா' என்பார். தம்பி என்று பொருள். டில்லிக்குப் பிழைக்க வந்த கர்வாலியர் 1953-இல் தொடங்கிய 'கர்வால் ஹீரோஸ்' என்ற கால்பந்துக் கழகத்துக்கு அவர் பல்லாண்டு ரசிகர். நாம் இந்நகருக்கு வந்து பள்ளி வைத்தோம், சபா வைத்தோம், கோயில் கட்டினோம். அவர்கள் ஒரு கால்பந்துக் கழகத்தையும் வைத்துக்கொண்டார்கள். "புலா, ஒரு நாள் வா" என்று அவர் முப்பது ஆண்டுகளாக அழைத்துவந்தார். நம் ஆட்கள் ஆடாத ஆட்டத்தில் நமக்கு என்ன வேலை என்று நானும் தட்டிக் கழித்துவந்தேன்.

அந்த ஞாயிறு காலையில் அவர் வழக்கம்போல் அழைத்தார். நான் வழக்கம்போல் மறுக்க வாயெடுத்தேன். உள்ளேயிருந்து என் மனைவி, "போய்விட்டு வாருங்கள். இங்கே உட்கார்ந்து என் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பதால் அது சீராகிவிடாது. மகள் இருக்கிறாள்" என்றாள். சொன்னதோடு நில்லாமல் புளியோதரையைப் பொட்டலம் கட்டி மகளிடம் கொடுத்தனுப்பினாள். பைஜிக்கு நம் புளியோதரை என்றால் உயிர்.

ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் மெட்ரோ நிலையத்தில் ஏறினோம். 1982 ஆசியப் பந்தயங்களுக்காகக் கட்டிய அந்தப் பெரிய அரங்கின் நிழலில் ரயில் ஏறி, அதில் நூற்றில் ஒரு பங்கு கூட்டமும் சேராத ஆட்டத்தைக் காணப் போகிறோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடந்தபோது கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தை நான் அங்கேதான் பார்த்தேன். சஞ்சீவ் ஸ்டாலின் மூலையிலிருந்து உதைத்த பந்தை மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங் தலையால் முட்டி, உலகக் கோப்பைப் பந்தயங்களில் இந்தியாவுக்கு முதல் கோலைப் பெற்றுத் தந்தான். அரங்கமே எழுந்து நின்றது. அடுத்த நிமிடமே கொலம்பியா ஒரு கோல் போட்டது, எல்லோரும் உட்கார்ந்தோம். அந்தப் பையன்கள் இப்படிப்பட்ட அரங்குகளில் பிறப்பதில்லை, சிறு மைதானங்களிலேதான் பிறக்கிறார்கள் என்று பைஜி அப்போதே சொன்னார்.

இங்கிலாந்தில் தொழில்முறை லீகின் நான்கு படிகளில் 92 கழகங்கள் ஆடுகின்றன. அவற்றுக்குக் கீழே உள்ள ஆயிரக்கணக்கான கழகங்களை ஒட்டுமொத்தமாக 'லீகுக்கு வெளியே உள்ளவை' என்று குறிப்பிடுகிறார்கள். தச்சரும் தபால்காரரும் வாரக் கடைசியில் ஆட, ஊரார் தேநீர்க் கோப்பையோடு கயிற்றோரம் நின்று பார்ப்பார்களாம். நம் நாட்டில் அந்த இடத்தில் இருப்பவை மாநிலச் சங்கங்கள் நடத்தும் ஆட்டங்கள். டில்லியில் 2022-23 பருவத்திலிருந்து இதன் மேற்படிக்கு டில்லி பிரீமியர் லீக் என்று பெயர். பெயர் பெரிது, கூட்டம் சிறிது.

ஆறாவது நிலையம் டில்லி கேட். வெளியே வந்து சற்று நடந்தால் அம்பேத்கர் ஸ்டேடியம். முன்பு கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று அழைக்கப்பட்டது. பக்கத்திலேயே பிரோஸ் ஷா கோட்லா. கிரிக்கெட் நாட்களில் அந்தச் சாலையில் கால் வைக்க இடமிராது. அன்று வாசலில் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு வண்டியும் இரண்டு போலீஸ்காரர்களும் மட்டுமே இருந்தார்கள். சீட்டு என்று எவரும் கேட்கவில்லை. உள்ளே ஏறத்தாழ இருநூறு பேர் இருப்பார்கள். ஆட்டக்காரர்களின் பெற்றோர், பள்ளிச் சீருடையில் ஒரு பயிற்சிக் கூட்டம், கம்பளித் தொப்பி அணிந்த கிழவர்கள், டோலக் ஒன்றை மடியில் வைத்திருந்த இளைஞன் ஒருவன். பைஜி ஒவ்வொரு கிழவரிடமும் நின்று அவரவர் முழங்கால் வலியை விசாரித்துக்கொண்டே போனதால், எங்கள் இடத்தை அடைய ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகிவிட்டது.

பெரிய அரங்கில் கேளாத ஒலிகள் இங்கே கேட்டன. பூட்ஸ் பந்தில் படும் ஓசை, பின்காப்பாளர் கோல்கீப்பரைக் கூப்பிடும் குரல், பயிற்சியாளரின் வசவு, தடுமாறி விழுந்தவனின் மூச்சு. நெஞ்சில் காற்று போய் வரும் ஓசையை இரவெல்லாம் கேட்டிருந்த எனக்கு அந்தப் பிள்ளைகள் புகைக்காற்றில் ஓடுவதைப் பார்க்க முதலில் அச்சமாக இருந்தது. அவர்கள் அதை நினைத்ததாகத் தெரியவில்லை. கர்வால் அணியில் மலை முகங்கள் சிலவே; மணிப்பூர், மிசோரம் பக்கத்துப் பிள்ளைகளைப் போன்றவர்கள் பலர். "இப்போது உங்கள் ஊர்க்காரர்கள் குறைந்துவிட்டார்களே?" என்றேன். பைஜி, "சட்டை நம்முடையதுதானே!" என்று சொல்லி, ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே அர்ஸா என்ற பணியாரம். பச்சரிசி மாவையும் வெல்லப் பாகையும் சேர்த்து எண்ணெயில் சுடுவது. வாயில் போட்டால் நம் அதிரசமேதான். வடக்கே இமயமலையில் எப்படி இது முளைத்தது என்று நான் வியந்துகொண்டிருக்க, அவர் என் புளியோதரையை முடித்துவிட்டார்.

இடைவேளைக்குச் சற்று முன்பு எதிரணியினர் உதைத்த பந்து நம் பின்காப்பாளர் காலில் பட்டுத் திசை மாறிக் கோலுக்குள் புகுந்தது. ('நம்' என்று என்னை அறியாமலே எழுதிவிட்டேன்; அடிக்காமல் விடுகிறேன்.) கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய, பந்து மறு பக்கம் போயிற்று. அவன்மேல் குற்றமில்லை. பத்தொன்பது வயதுக்கு மேல் இராது அவனுக்கு. பந்தை வலையிலிருந்து தானே எடுத்து நடுக்களத்துக்கு உதைத்தான்.

இடைவேளையில் நான் பைஜியிடம் என் வீட்டுச் செய்தியைச் சொன்னேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தன் கதையைச் சொன்னார். ஓய்வு பெற்றதும் மலைக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு அவர் மீண்டும் டில்லிக்கே வந்தது எனக்குத் தெரியும், காரணம் கேட்டதில்லை. "நான் போனபோது எங்கள் ஊரில் பதினோரு வீடுகளில் புகை எழும்பியது. வரும்போது மூன்று. மாலையில் முற்றத்தில் நின்று யாரையாவது கூப்பிட்டால் மலைதான் பதில் சொல்லும்" என்றார். உத்தராகண்டில் இதற்கென்றே ஒரு குடிபெயர்வு ஆணையம் அமைத்து ஆராய்ந்தார்கள். 2011-க்குப் பின் 734 சிற்றூர்கள் ஆளற்றுப் போயின என்று 2018-இல் வெளியான அதன் அறிக்கை சொல்கிறது. அந்த எண்ணை நான் செய்தித்தாளில் படித்ததுண்டு. படித்த எண் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலைத் தோலை உரிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

"அப்படியானால் நான் போக வேண்டாம் என்கிறீர்களா?" என்றேன்.

"நான் அப்படிச் சொன்னேனா? நான் ஊருக்காகப் போனேன். நீ உன் மனைவிக்காகப் போகிறாய். இரண்டும் வேறு" என்றார் பைஜி. அதற்குள் ஊதல் ஒலித்தது, பேச்சு நின்றது.

பிற்பாதி ஆட்டத்தை எழுத எனக்குத் திறமை போதாது. கர்வால் அணி ஓயாமல் தாக்கிற்று. பந்து ஒரு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. டோலக் அடிப்பவன் நிறுத்தாமல் அடித்தான். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் மூலையிலிருந்து வந்த பந்து பலர் தலைக்கு மேலே சென்று, குட்டையான ஒரு பையனின் காலடியில் விழுந்தது. அவன் ஏனோ தயங்கினான். "அடிடா! அடி!" என்று ஒரு குரல் பெரிதாகக் கேட்டது. அது என் குரல். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் தந்தையின் வாயிலிருந்து நான் பலமுறை கேட்ட சொல். என் வாயால் மைதானத்தில் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. பையனுக்குத் தமிழ் தெரிந்திருக்க வழியில்லை, ஆனாலும் அடித்தான். கோல்! பின்வரிசைப் பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பந்து எங்கே போனாலும் "அடிடா, அடிடா" என்று ஆட்டம் முடியும்வரை டோலக் தாளத்துக்கு அதையே முழக்கினார்கள்.

அந்தக் கூச்சல் அடங்குமுன்பே, கடைசி நிமிடத்தில், எதிரணி இன்னொரு கோல் போட்டுவிட்டது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். கிழவர்கள் கம்பளித் தொப்பியைச் சரி செய்துகொண்டு, நடுவரின் பார்வைக் குறைவைப் பற்றிப் பேசியபடி எழுந்தார்கள். எனக்கு உண்மையாகவே தொண்டை கட்டிவிட்டது.

திரும்பும் ரயிலில் அந்தக் கோல்கீப்பர் பையன் எங்கள் பெட்டியிலேயே ஏறினான். தோளில் பை, முழங்காலில் சேறு. பைஜி டப்பாவை நீட்டி, கடைசி அர்ஸாவை எடுத்துக்கொள்ளச் செய்தார். அவன் தின்றுகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்து, "பாபுஜி, நீங்கள் எந்த ஊர்?" என்று இந்தியில் கேட்டான். இந்தக் கேள்வியை இந்நகரில் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேன்! வழக்கமான விடையைச் சொல்ல நான் தொண்டையைச் செருமுவதற்குள் பைஜி, "லோதி ரோடு. நம் ஆள்" என்று சொல்லிவிட்டார். பையனும் தலையசைத்துவிட்டு மண்டி ஹவுஸில் இறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். முக்காட்டை விலக்காமலே, "யார் ஜெயித்தார்கள்?" என்றாள். என் குரலைக் கேட்டதும் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி வெகு நேரம் நிற்கவில்லை. அந்த இருமலின்போதே நான் முடிவு செய்தேன். மகனைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டுக்கு முன்பணம் கொடுக்கச் சொன்னேன். ஐப்பசி முதல் மாசி வரை அம்மாவும் நானும் அங்கே. பங்குனியில் லோதி ரோடு. "இரண்டு வீட்டுச் செலவாகிறதே அப்பா?" என்றான். பென்ஷன் எதற்கு வருகிறது என்று கேட்டேன்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. புகை சூழும் மாதங்களில்தான் லீக் ஆட்டங்களும் சூடுபிடிக்கின்றன. மறுநாள் லோதி தோட்டத்தில் நடக்கும்போது இதைப் பைஜியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கைத்தடியால் ஒரு சருகைத் தள்ளிக்கொண்டே சற்று தூரம் பேசாமல் வந்தார். பிறகு, நாங்கள் புறப்படுமுன் எத்தனை ஆட்டங்கள் உள்ளன என்று விரல் விட்டு எண்ணினார். இரண்டு இருந்தன. முதல் ஆட்டம் வரும் ஞாயிறு, பிற்பகல் ஒன்றரை மணிக்கு. புளியோதரையை இந்தத் தடவை இரண்டு பொட்டலமாகக் கட்டச் சொல்லியிருக்கிறார்.